ஸ்காட்லாந்தின் கூரை வீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்து என்றதும் குன்றின் மேல் கோட்டையும், மழையில் மினுங்கும் ஸ்லேட் கல் கூரைகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அந்நாட்டுக் கிராமம் எதற்குள் நுழைந்திருந்தாலும் பெரும்பாலும் கண்ணில் பட்டிருப்பவை வைக்கோலும் நாணலும் ஹெதர் செடியும் வேய்ந்த கூரைகள்தான். அவற்றில் மிஞ்சியவற்றைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இப்போது எத்தனை கூரை வீடுகள் மிஞ்சியிருக்கின்றன?

நாடு முழுக்கச் சேர்த்தாலும் சில நூறுதான். 2016இல் ஒரு கணக்கெடுப்பு வெளியானது. ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு கூரையும் எதனால் வேயப்பட்டிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துவந்தார்கள். அதில் தெரிந்ததும் இந்தச் சிறிய எண்ணிக்கைதான். இங்கிலாந்தில் இன்றைக்கும் பல்லாயிரக்கணக்கான கூரை வீடுகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் மிஞ்சிய சில நூறிலும் கணிசமானவை அருங்காட்சியகமாகவோ விடுமுறை விடுதியாகவோ மாறிவிட்டன. பரம்பரையாக ஒரே குடும்பம் குடியிருந்து, தன் கையால் வேய்ந்துகொள்ளும் வீட்டைப் பார்ப்பது மிக அரிது.

எந்தெந்த ஊர்களில் பார்க்கலாம்?

எடின்பரோ நகரத்தின் தெற்கு விளிம்பில், பென்ட்லாந்து மலையடிவாரத்தில் ஸ்வான்ஸ்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. வெள்ளையடித்த சுவரும் நாணல் கூரையுமாக ஒரு சிறு கொத்து வீடுகள். 1960களில் நகராட்சி அவற்றைச் சீர்செய்யாமல் விட்டிருந்தால் இன்று தரைமட்டம்தான். எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் குடும்பம் 1867 முதல் 1880 வரை அந்த ஊரில் ஒரு வீட்டைக் கோடை வாசத்துக்காக வாடகைக்கு வைத்திருந்தது. இளமையில் அவர் பார்த்த கூரைகளின் வாரிசுகளைத்தான் நாம் இப்போது பார்க்கிறோம்.

ஃபைஃப் பகுதியில் கோலெஸி, ஆங்கில எல்லையை ஒட்டி டவுன் யெத்தம், வடக்கே குரோமார்ட்டியில் நிலவியல் அறிஞர் ஹியூ மில்லர் 1802இல் பிறந்த வீடு, கலடன் போர்க்களத்தில் ஹெதர் வேய்ந்த லீனக் குடிசை, மேற்கே டைரீ, தெற்கு யூயிஸ்ட் தீவுகள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட ஆசைப்படாதீர்கள். எனக்குப் பிடித்தது மேற்குத் தீவுகள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

எதை வைத்து வேய்ந்தார்கள்?

கைக்கு எட்டியதை வைத்து. ஸ்காட்லாந்துக் கூரைகளின் அழகே இதில்தான் இருக்கிறது என்பேன். கூரையைப் பார்த்தாலே அது எந்த மண் என்று சொல்லிவிடலாம்.

விளைநிலம் நிறைந்த கிழக்கில் ஓட்ஸ், பார்லி, ரை வைக்கோல். டே ஆற்றின் கழிமுகத்தில் நாணல். மேட்டு நிலத்தில் ஹெதர், அதாவது ஊதாப் பூ பூக்கும் குத்துச்செடி. அதன் தண்டு கம்பி மாதிரி இருக்கும். நன்றாக வேய்ந்தால் வைக்கோலைவிடப் பல மடங்கு நாள் தாங்கும். ஆனால் வைக்கோலைவிடக் கனம். கீழே மரச்சட்டங்கள் அதற்குத் தக்க உறுதியாக இருக்க வேண்டும். ஹெதரும் கிடைக்காத இடத்தில் பிராக்கன் என்ற பெரணிச் செடி, கோரை, புரூம் புதர். டைரீ, யூயிஸ்ட் போன்ற மணல் தீவுகளில் கடலோர மணல்மேட்டில் வளரும் மாரம் புல். இந்தப் புல்லின் வேர்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதால் அதை அளவாகத்தான் அறுக்க முடியும். கூரைக்கென்று ஆசைப்பட்டு அளவுக்கு மீறி அறுத்தால் காற்று மணலைத் தூக்கி வயலில் போட்டுவிடும்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொருள் பொதுவாக இருந்தது: புல்கரண். புல்லும் வேரும் மண்ணுமாகத் தரையிலிருந்து பாளமாகச் சீவியெடுத்த துண்டுகள். குறுக்குக் கொம்புகளின் மேல் இவற்றை மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடுக்கி, அதன்மேல்தான் வைக்கோல். வைக்கோல் கற்றையின் தலைப்பை முறுக்கி முடிச்சாக்கி, கவட்டை நுனி உள்ள ஒரு சிறு கருவியால் அந்தப் புல்கரணுக்குள் குத்திச் செருகுவது கிழக்குப் பகுதியின் ஒரு முறை. அந்தக் குத்துகோலுக்கு ஸ்காட்ஸ் மொழியில் ‘ஸ்டாப்’ என்று பெயர். அந்த வகை வேய்ச்சலுக்கும் அதே பெயர். வடகிழக்கில் இன்னொரு பழக்கம்: வைக்கோலுக்கு இடையே குழைத்த களிமண்ணைப் பூசிக்கொண்டே போவார்கள். காய்ந்தபின் அது ஒற்றைப் பலகைபோல் இறுகிவிடும்.

ஆணி எங்கே என்று கேட்டால், பழைய கூரைகளில் ஆணிக்கு வேலையே கிடையாது. கயிறும் கல்லும் மண்ணும்தான்.

‘கருப்பு வீடு’ என்கிறார்களே, அது என்ன?

மேற்குத் தீவுகளின் பழைய நீண்ட வீட்டுக்குக் கேலிக் மொழியில் வழங்கும் பெயரின் நேர்ப்பொருள் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய புது மாதிரி வீடுகள் வந்தபோது அவற்றை ‘வெள்ளை வீடு’ என்றார்கள். அதற்கு எதிராகப் பழையது ‘கருப்பு’ ஆனது. கேலிக்கில் ‘கருப்பு’ என்ற சொல்லும் ‘வேய்ச்சல்’ என்ற சொல்லும் ஒலியில் நெருக்கமானவை, அதனால் வந்த குழப்பம் என்றும் ஒரு கருத்து உண்டு. உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது. கைமரங்கள் கரியாகக் கருத்திருக்கும்.

லூயிஸ் தீவில் ஆர்னல் என்ற ஊரில் 42ஆம் எண் வீடு அப்படியே காக்கப்பட்டிருக்கிறது. 1880 வாக்கில் கட்டியது. 1966 வரை அதில் ஆட்கள் குடியிருந்தார்கள். மனிதன் நிலவுக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலத்தில், நடு வீட்டில் தரையில் அடுப்பெரித்து வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டே நுழைய வேண்டிய வீடு.

சுவரின் கனத்தைப் பார்த்தால் வீடா, கோட்டையா என்று தோன்றும். காரை கிடையாது. உள்ளே ஒரு கல் சுவர், வெளியே ஒரு கல் சுவர், நடுவில் மண் நிரப்பு. கூரை வெளிச்சுவர் வரைக்கும் வராது. உட்சுவரின் மேலேயே நின்றுவிடும். மழைநீர் வழிந்து நடுவிலிருக்கும் மண்ணில் இறங்கும். முதலில் பார்க்கிறவர்களுக்கு இது பிழையாகத் தெரியும். ஆனால் அந்த மண் ஈரமாக இருக்கும்வரை காற்று உள்ளே புகாது. கூரைக்கு வெளியே நீண்டிருக்கும் சுவர்த் தலையில் புல் முளைத்திருக்கும். வேய்கிறவர்கள் ஏறி நிற்பதற்கும் அதே திண்ணைதான். இறவாணம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அட்லாண்டிக் புயல் அதைப் பிடித்துக் கூரையையே பெயர்த்துவிடும். அதனால்தான் வீட்டின் மூலைகளும் கூரையின் முனைகளும் மழுங்க உருண்டிருக்கும்.

லூயிஸில் மரம் மிகக் குறைவு. கைமரம் பலவும் கடலில் மிதந்துவந்த கட்டை. கூரையின் மேல் கயிறுகள் குறுக்காக ஓடும். ஒவ்வொரு கயிற்றின் முனையிலும் ஒரு கல் கட்டித் தொங்கும். அந்தக் காலத்தில் ஹெதரை முறுக்கித் திரித்த கயிறு. பின்னாளில் பழைய மீன்வலைகளும் மேலே போர்த்தப்பட்டன. வாசல் ஒன்றுதான். மனிதரும் மாடும் அதே வாசலில் நுழைவார்கள். ஒரு கோடியில் தொழுவம், மறு கோடியில் பெட்டிக் கட்டில்கள், நடுவில் பீட் அடுப்பு.

புகைபோக்கியே இல்லாமல் எப்படி இருந்தார்கள்?

இருந்தார்கள் என்பதோடு, கூரை நின்றதே அந்தப் புகையால்தான். பீட் என்பது சதுப்பில் மக்கி இறுகிய தாவரப்படிவு. வெட்டிக் காயவைத்தால் எரிபொருள். அதன் புகை மெல்லக் கூரைக்குள் ஏறி, வைக்கோல் வழியாகக் கசிந்து வெளியேறும். போகிற வழியில் ஈரத்தை உலர்த்தும், பூச்சியை விரட்டும். அடுப்பை இரவிலும் அணைக்க மாட்டார்கள்; சாம்பலால் மூடி வைத்து, விடியலில் மறுபடி கிளறுவார்கள்.

அடுப்பு நின்றால் கூரைக்குக் கேடு. ஆர்னல் வீட்டில் குடித்தனம் இல்லாத இன்றைக்கும் பார்வையாளர் வரும் நாட்களில் பீட் மூட்டுகிறார்கள். கண் எரியும். சட்டையில் ஏறிய வாசனை நாள் கணக்கில் போகாது.

புகை ஊறிய பழைய வைக்கோலுக்கு அடுத்த வேலையும் இருந்தது. கூரையைப் பிரித்ததும் கரி படிந்த அந்த வைக்கோலை உருளைக்கிழங்கு வயலில் உரமாகப் போட்டார்கள். அந்த வயல்களில் விளையும் பார்லியை வேரோடு பிடுங்குவார்கள். கதிர் சாப்பாட்டுக்கு, தாள் அடுத்த கூரைக்கு. வயல், அடுப்பு, கூரை மூன்றும் ஒரே வட்டம். இந்த வட்டத்தில் ஒரு கண்ணி அறுந்தாலும் கூரைக்குக் காரணம் இல்லாமல் போய்விடும். பிறகு நடந்தது அதுதான்.

அவ்வளவு நல்ல கூரைகள் ஏன் அழிந்தன?

ஒரே காரணம் சொன்னால் பொய்யாகிவிடும்.

முதலில், அழிக்கப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஹைலேண்ட் என்ற வடக்கு, மேற்கு மலைநாட்டின் நிலப்பிரபுக்கள் ஆட்டுப் பண்ணைக்காகக் குடியானவர்களை வெளியேற்றினார்கள். மரம் அரிதான நாட்டில் கைமரம் என்பது குடும்பச் சொத்து. வீடு மாறுகிறவர்கள் சுவரை விட்டுவிட்டுக் கைமரத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். 1814இல் சதர்லாந்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் கூரைகளுக்குத் தீ வைத்தபோது, போனவர்கள் எங்கேயும் மறுபடி கூரை போட முடியாதபடி செய்தார்கள். அதை நடத்திய எஸ்டேட் அதிகாரி பாட்ரிக் செல்லர் மீது 1816இல் இன்வர்னஸில் வழக்கு நடந்தது, விடுதலையாகிவிட்டார். அந்தப் பள்ளத்தாக்கில் இன்று புல்லுக்குள் கல் அடித்தளங்கள் மட்டும் வரிசையாகக் கிடக்கின்றன. கூரை வீடுகளைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டு ‘காலம் மாறியது’ என்று எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

இரண்டாவது, ஸ்லேட். பாலகூலிஷில் 1690களிலிருந்தே ஸ்லேட் வெட்டினார்கள். கப்பலும் பிறகு ரயிலும் வந்ததும் அது எட்டாத ஊர் குறைந்தது. கிழக்குக் கரையில் நெதர்லாந்துப் பக்கத்திலிருந்து வந்த வளைந்த சிவப்பு ஓடுகள் பரவின. ஃபைஃப் மீனவக் கிராமங்களின் சிவப்புக் கூரைகளை ‘பாரம்பரியம்’ என்று படம் எடுக்கிறோமே, அவற்றுக்கு முந்தையது வைக்கோல்.

மூன்றாவது காரணம் நல்லது. 1886இல் வந்த சட்டம் சிறு குத்தகைக்காரர்களை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாமல் செய்தது. அவர்கள் செய்யும் மேம்பாட்டுக்கு ஈட்டுத்தொகையும் உண்டு என்றது. நாளைக்கும் இங்கேதான் இருப்போம் என்று உறுதியானதும், மாட்டோடு ஒரே கூரையின் கீழ் புகையில் கிடந்தவர்கள் புகைபோக்கியும் ஜன்னலும் உள்ள வீட்டைக் கட்டினார்கள். அந்தப் புகையில் பிள்ளை வளர்த்தவர்கள் அதைவிட்டு வெளியேறியதை யாரும் குறை சொல்ல முடியாது.

கடைசியாக, அறுவடை இயந்திரம். கூரைக்கு நீளமான, நசுங்காத தாள் வேண்டும். கம்பைன் இயந்திரம் தாளை நொறுக்கித் துப்பிவிடும். போதாததற்குக் குட்டை ரகங்கள் வந்தன. உரம் கூடியதில் தாளின் உறுதி குறைந்தது. வேய்கிறவருக்குத் தொழில் தெரிந்திருந்தாலும் கையில் சரக்கு இல்லை.

தகரத்துக்கு அடியில் பழைய கூரை ஒளிந்திருக்கிறது என்பது உண்மையா?

உண்மை. எனக்கு மிகப் பிடித்த விஷயமும் இதுதான். நெளிதகரம் மலிவாகக் கிடைத்ததும் பலரும் பழைய கூரையைப் பிரிக்காமல் அதன் மேலேயே தகரத்தை அடித்துவிட்டார்கள். பிரிக்கிற கூலி மிச்சம். மழைச் சத்தமும் குளிரும் குறையும். பெர்த்ஷயரில் கில்லின் ஊருக்குப் பக்கத்தில் மொய்ர்லானிக் என்ற நீண்ட வீடு இப்படித்தான் பிழைத்தது. 1968 வரை குடியிருந்தார்கள். வெளியே பார்த்தால் துருப்பிடித்த தகரக் கொட்டகை. உள்ளே வளைந்த மரச்சட்டங்களின் மேல் பழைய வேய்ச்சல் அப்படியே இருக்கிறது. இப்போது ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. திறந்திருக்கும் நாட்கள் மிகக் குறைவு என்பதால் விசாரித்துவிட்டுப் போங்கள்.

சுற்றுலாக்காரர் கண்ணுக்குத் தகரம் அசிங்கம். தகரம் இல்லையென்றால் அந்தக் கூரைகள் நமக்குக் கிடைத்திருக்காது. தகரக் கொட்டகையைக் கண்டால் நான் இப்போதெல்லாம் கொஞ்சம் மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

இங்கிலாந்துக் கூரை வீடுகளிலிருந்து இவை எப்படி வேறுபடுகின்றன?

தெற்கு இங்கிலாந்துக் கூரை தடிமனாக, சீவி மழித்த விளிம்போடு, ஜன்னல் மேல் புருவம்போல் வளைந்திருக்கும். அது தொழில்முறை வேய்ச்சல்காரரின் கைத்திறன். ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் வீட்டுக்காரரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து வேய்ந்துகொண்டார்கள். அழகைவிடக் காற்றுதான் வடிவத்தைத் தீர்மானித்தது.

இதில் குழப்பும் ஊர் ஒன்று உண்டு: பெர்த்ஷயரின் ஃபோர்டிங்கல். பழமையான யூ மரத்துக்குப் பேர்போன ஊர். அங்கே வரிசையாக அழகான கூரை வீடுகள். கப்பல் அதிபர் சர் டொனால்ட் கரி அந்த எஸ்டேட்டை வாங்கி, கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் மெக்லாரனைக் கொண்டு 1889 முதல் கட்டியது. ஆங்கிலக் குடிசையின் சாயலும் ஸ்காட்டிஷ் சாயலும் கலந்தது. நல்ல கட்டடங்கள்தான், ஆனால் ஊர்க்காரர் வேய்ந்த பழங்கூரை என்று நினைத்துவிடாதீர்கள்.

கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தது கூரை வீட்டில்தானா?

ஆமாம். அயர்ஷயரில் ஆலவே. அவருடைய தந்தை 1757இல் தன் கையாலேயே எழுப்பிய மண்சுவர் வீடு. 1759 ஜனவரி 25 அன்று பர்ன்ஸ் பிறந்தார். சில நாளில் புயலடித்து ஒரு பக்கச் சுவர் இடிந்து விழ, தாயையும் சிசுவையும் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள். பிறகு அந்த வீடு கைமாறி, நெடுநாள் மதுக்கடையாக இருந்தது. 1881இல் பர்ன்ஸ் நினைவிடத்தின் அறங்காவலர்கள் அதை வாங்கினார்கள். கிர்க்கஸ்வால்டில் 1785இல் கட்டிய சூட்டர் ஜானி குடிசையும் அவர் கவிதையால் பிழைத்ததுதான். அங்கே குடியிருந்த செருப்புத் தைப்பவர் அவர் கவிதையில் ஒரு பாத்திரம். புகழ்பெற்ற ஒருவரோடு தொடர்பில்லாத எத்தனையோ வீடுகளை யாரும் வாங்கவில்லை.

ஒரு முறை வேய்ந்தால் எத்தனை வருஷம் வரும்?

நாணல் நன்றாக அமைந்தால் முப்பது, நாற்பது வருஷம். வைக்கோல் பதினைந்து, இருபது. கயிறும் கல்லும் கட்டிய தீவுக் கூரைக்கு வருஷந்தோறும் அல்லது ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மேல்போர்வை சேர்க்க வேண்டும். மழை அதிகமான மேற்கில் பாசி சீக்கிரம் பிடிக்கும். முகடுதான் முதலில் போகும். அதை மட்டும் இடையில் புதுப்பித்துக்கொண்டால் மற்றது தாங்கும்.

தீப்பிடிக்காதா?

பிடிக்கும். காப்பீட்டுக்காரர்கள் கூடுதல் பணம் கேட்பதும் அதனால்தான். பழைய நடு அடுப்பில் தணல் தாழ்வாக, மெதுவாக எரிந்தது. ஆபத்து அதிகமானது பழைய புகைபோக்கிக்குள் நவீன விறகு அடுப்பைப் பொருத்தியபின். குழாய் கடுமையாகச் சூடேறி, சுற்றியிருக்கும் கூரைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தீ கனியும். புகைபோக்கியைத் தவறாமல் சுத்தம் செய்வதும், மின்கம்பிகளைச் சோதிப்பதும் உயிர்காக்கும் வேலைகள்.

உரிமையாளர் நினைத்தால் ஸ்லேட்டுக்கு மாற்றிவிடலாமா?

பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வீடு என்றால் உள்ளாட்சியின் அனுமதி இல்லாமல் முடியாது. பட்டியலை வைத்திருப்பது ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அரசு அமைப்பு. ஏ, பி, சி என்று மூன்று வகை.

இப்போது வேய்வதற்குச் சரக்கும் ஆளும் எங்கே கிடைக்கிறார்கள்?

இதுதான் இன்றைய கவலை. டே கழிமுகத்தில் பிரிட்டனிலேயே மிகப் பெரிய தொடர் நாணல் படுகை இருக்கிறது. 1970களிலிருந்து அங்கே வணிக அளவில் அறுத்துக்கொண்டிருந்தார்கள். 2000களில் அது நின்றுபோனது. வெளிநாட்டு நாணல் மலிவாக வந்து இறங்குகிறது. படுகையின் ஒரு பகுதியைப் பறவைப் பாதுகாப்புச் சங்கம் பராமரிக்கிறது. நாணலை முறைவைத்து அறுப்பது அங்குள்ள மீசைச் சிட்டுகளுக்கும் நல்லது. பக்கத்திலேயே காட்டவுன் என்ற இடத்தில், மண்சுவரும் நாணல் கூரையுமாக ஒரு பழைய பள்ளிக்கூடம் நிற்கிறது. அந்தக் கூரைக்கான நாணல் கூப்பிடு தூரத்தில் வளர்கிறது.

முழுநேர வேய்ச்சல்காரர்களை ஸ்காட்லாந்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். நாணல் வேயத் தெரிந்தவருக்கு மாரம் புல்லோ ஹெதரோ தெரியும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் தனி வித்தை. சில வருஷங்களுக்கு முன் கிளென்கோ பள்ளத்தாக்கில், அகழாய்வில் கிடைத்த பழைய குடியிருப்பை வைத்து, பின்னிய கொம்புச் சுவரும் புல்கரணும் ஹெதர் கூரையுமாக ஒரு வீட்டைப் புதிதாக எழுப்பினார்கள். செய்துபார்த்தால்தான் கைக்கு வரும் என்பதால் இந்த முயற்சி எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது.

கூரை வீட்டில் தங்க முடியுமா?

முடியும். லூயிஸில் கரெனின் என்ற கடற்கரைக் கிராமத்தில் கடைசிக் குடிகள் 1974இல் வெளியேறினார்கள். 1989 முதல் ஓர் உள்ளூர் அறக்கட்டளை வீடுகளை ஒவ்வொன்றாக மீட்டு, சிலவற்றைத் தங்குமிடமாக்கியிருக்கிறது. பெர்னரே தீவிலும் தெற்கு யூயிஸ்டின் ஹோமோரிலும் கூரை வேய்ந்த எளிய விடுதிகள் உண்டு.

போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

தள்ளி நின்று படம் எடுத்தபின் கிட்டே போங்கள். கயிற்று முனையில் தொங்கும் கற்களைப் பாருங்கள். பல கற்களில் கயிறு அறுத்த தடம் தெரியும். உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுங்கள். பிறகு அண்ணாந்து பார்த்தால் கைமரங்களுக்கு மேலே புல்கரணின் அடிப்பக்கம் தெரியும்: வேர் நுனிகள் கீழ்நோக்கித் தொங்க, ஒவ்வொன்றிலும் புகைக்கரி பூத்திருக்கும். வெளியே வந்து இறவாணத்துக்குக் கீழே சுவர்த் தலையையும் பாருங்கள். கூரையிலிருந்து உதிர்ந்த மணியில் முளைத்த பார்லி ஒன்றிரண்டு அங்கே நின்றாலும் நிற்கும்.